கண்ணாடியில் உள்ளங்கால்

மாமா,

இன்று கிளினிக்கில் மறுபடி அந்த வாடை வந்தது. ஸ்பிரிட் விளக்கின் சுடரில் கண்ணாடிக் குழாயைப் பிடித்தால் எழும்புமே, மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை, அதுதான். நர்ஸ் மிஸ்ஸி நீல மருந்தில் என் சிறுநீரைச் சொட்டவிட்டு, குழாயைச் சரித்துச் சரித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்த பெண்கள் பாண் ரொட்டியின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீலம் கலங்கியது. பச்சையானது. அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஓரத்தில் மஞ்சள் தட்டியது.

“கொஞ்சம் சீனி காட்டுது டீச்சர்,” என்றார் மிஸ்ஸி. “பிள்ளை வயித்துல இருக்கும்போது சிலருக்கு வாறதுதான். பதுளைக்குப் போய் ரத்தம் சோதிச்சாச் சரியாத் தெரியும். இப்பவே முகத்த இப்பிடி வச்சுக்காதீங்க.”

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் வீடு வரைக்கும் நடந்தேன். இது இரண்டாவது பிள்ளை, மாமா. நீங்கள் பார்க்காத பிள்ளை. அவர், உங்கள் மகன், இன்னும் தேயிலைத் தோட்டத்து ஒஃபிசிலிருந்து வரவில்லை. உங்கள் பேத்தி சுமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, வாசலில் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து உங்கள் சித்திரக் கொப்பியையும் சவரக் கண்ணாடியையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். கொப்பியில் பின்பக்கம் இன்னும் வெறுந்தாள்கள் இருக்கின்றன. நீங்கள் போன பிறகு அதைத் திறந்ததே இல்லை. இந்த மடலையும் அப்போதே எழுதியிருக்க வேண்டும். பிந்திவிட்டது.

உங்களுக்கும் முதலில் பச்சைதான் காட்டியது. ஞாபகம் இருக்கிறதா? பூனாகலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு எங்களோடு வந்து, இந்தப் பள்ளிக்கூட குவாட்டஸில் தங்கிய முதல் வருடம். அடிக்கடி தாகம் என்றீர்கள். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. நான்தான் பிடிவாதமாகத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டிஸ்பென்சர் ஐயா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பெரியவரே, இது சீனி வருத்தம். மருந்து தாறேன். ஆனா ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதி வச்சு எனக்குக் காட்டணும்.”

“எழுத்து நமக்கு வராதுங்க ஐயா. கைநாட்டுத்தான்.”

“மருமக டீச்சர்தானே. எழுதச் சொல்லுங்க.”

“நான் திங்கிறத அது எழுதுறதா? வேண்டாங்க. நானே ஏதாச்சும் செஞ்சுக்கிறேன்.”

அன்று சாயந்தரமே என்னிடம் கோடு போடாத கொப்பி ஒன்று கேட்டீர்கள். அடுத்த நாள் காலையில் முதல் தாளைக் காட்டினீர்கள். அரை ரொட்டி. ஒரு குவியல் கீரை. சீனிப் போத்தலின் மேல் பெரிய பெருக்கல் குறி. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று.

“இதென்ன மாமா, கரிக்கட்டியா?”

“கருவாடு. பாத்தாத் தெரியல? டீச்சருக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தவங்க யாரு, அவங்களப் பிடிக்கணும்.”

கருவாடு கொஞ்ச நாளில் கருவாடாகவே வரத் தொடங்கியது. பிறகு தட்டில் இருந்ததை மட்டும் வரைந்து உங்களுக்குப் போதவில்லை. போஞ்சியை வரைந்தால் அது படர்ந்த கம்பையும் வரைய வேண்டும் என்றீர்கள். கம்பை வரைந்தால் அதன் அடியில் கிடந்த மண்ணையும். அப்படித்தான் குவாட்டஸின் பின்புறத்துத் தோட்டம் முழுக்க அந்தக் கொப்பிக்குள் வந்தது. முட்டைக்கோசான கோவாவின் இலை மடிப்பு, கரட்டின் தலையில் வெட்டிய இடம், இராபு முள்ளங்கியின் பூ, வேலியில் ஏறியிருந்த நத்தை. பள்ளிக்கூடத்தில் மிச்சமான கலர் பென்சில் துண்டுகளை நான் கொண்டுவந்து தருவேன். சிவப்பு முடிந்த நாளில் பீட்ரூட்டை நறுக்கித் தேய்த்தீர்கள். தேத்தண்ணிச் சாயம் காய்ந்த மண்ணுக்கு. மஞ்சள்தூள் பூசணிப் பூவுக்கு. தாளின் மேல் மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டு, மருந்துக் காம்பராவில் அந்தக் கிழமை குழாய் என்ன நிறம் காட்டியதோ அதைத் தீட்டி வைப்பீர்கள். பச்சை, மஞ்சள், ஒருதடவை செங்கல் நிறம். சீனியே இல்லையென்று நீலம் வந்த கிழமை சுமதியைத் தூக்கிக்கொண்டு லயம் வரைக்கும் போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தீர்கள்.

அந்த நீலத்தை இப்போது தொட்டுப் பார்க்கிறேன். விரலில் கொஞ்சம் ஒட்டுகிறது.

கால் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. இந்த வருத்தத்தில் பாதம் மரத்துப் போகும், முள் குத்தினாலும் தெரியாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டிஸ்பென்சர் ஐயா சொன்னார். உங்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. நான் பார்க்கிறேன் என்றேன்.

“மருமக மடியில காலத் தூக்கி வைக்கிறதா? எங்க ஆத்தா எந்திரிச்சு வந்து அடிப்பா.”

“அப்ப அவர் பார்க்கட்டும்.”

“தம்பி விடியக் காலையில பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க ஓடுறவன். அவன நிப்பாட்டி என் காலக் காட்டுறதா? எனக்குக் கண்ணில்லையா, கண்ணாடியில்லையா?”

அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்க முடியவில்லை. காலையில் வாசல் படியில் உட்கார்ந்து, சவரக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, அதில் தெரியும் உள்ளங்காலைப் பார்த்துக் கொப்பியில் வரைவீர்கள். வெடிப்புக்கு வெடிப்பு, காய்ப்புக்குக் காய்ப்பு. நாற்பது வருடத்துக்கும் மேலாகச் செருப்பில்லாமல் கவ்வாத்து மலைகளில் நடந்த கால் அது. தேயிலைச் செடிகளை வெட்டித் தள்ளிக்கொண்டே ஏறிய கால். தாளில் அது ஒரு ஊரின் வரைபடம் மாதிரி இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்முன் அந்தத் தாளைப் பார்க்காமல் படி இறங்க மாட்டேன். சுமதி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பவள் நான். “புள்ளையப் பாத்துப் பாத்தே தேய்ச்சுருவ போல,” என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அவளோடு உங்கள் காலும் என் பயங்களில் சேர்ந்துகொண்டது.

சப்பாத்து வாங்க அப்புத்தளைக்குப் போன நாள் மட்டும்தான் அந்தக் காலை வைத்து நாம் சிரித்தது. கடைக்கார நானா அடுக்கிலிருந்த எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் விரல்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“பெரியவர், இந்தக் காலுக்கு என்கிட்ட சப்பாத்து இல்ல. தோணி இருந்தாச் சொல்றேன்.”

“துடுப்பும் சேத்துக் குடுப்பீங்களா நானா?” என்றீர்கள் நீங்கள்.

கடைசியில் ஒரு பெரிய கென்வஸ் சப்பாத்து அகப்பட்டது. போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷன் வரை நடந்தீர்கள், சேற்றில் மாடு நடப்பதுபோல. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தோட்டத்து வேலியோரம் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். மறுநாளும் அப்படியே. மலையில் காலையில் முதல் கால் வைக்கும்போது குனிந்து மண்ணைத் தொட்டு “பொலி பொலி” என்று சொல்லித்தான் கத்தியை எடுப்பீர்களாம். அப்படித் தொட்டுக் கும்பிட்ட மண்ணில் எதையும் போட்டு மிதிக்கக் கூடாதாம். அதோடு இன்னொரு காரணமும் சொன்னீர்கள்.

“மண்ணு ஈரமா காய்ஞ்சிருக்கான்னு காலுக்குத் தெரியணும்மா. கை சொன்னாப் பத்தாது.”

“அதுதானே மாமா உங்க காலுக்குத் தெரியலை.”

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. போஞ்சிப் பாத்தியின் நடுவில் நின்று உங்கள் காலையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு வேலிக்கு வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டீர்கள். அதன் பிறகு தோட்டத்துக்குள் அதைக் கழற்றவில்லை.

கார்த்திகை மழை அந்த வருடம் நிற்காமல் பெய்தது. மூடுபனி சமையலறைக்குள் வந்து போகும். துணி காயாது. அடுப்புக்கு மேலே பரணில் கவ்வாத்து மிலாறு அடுக்கியிருந்தோம், வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள், விறகுக்கு. தோட்டத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஈரமான எதையும் அந்த மிலாறின் மேலேதான் போடுவோம். சூடு ஏறி விடியும்போது காய்ந்திருக்கும். உங்கள் சப்பாத்தும் அங்கேதான் காய்ந்தது.

அன்று சனிக்கிழமை. முன்னறைச் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மெழுகு போட்டுத் தேய்த்து முடித்திருந்தேன். நீங்கள் தோட்டத்திலிருந்து வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தரை வழியாக உள்ளே போனீர்கள். தரையில் கால் தடம். ஒரு காலுடையது வெறும் ஈரம். மற்றக் காலுடையதில் விரல்களின் கீழே ஒரு இடம் காயாமல் மினுங்கியது. துணியால் தொட்டேன். மஞ்சளாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன்.

மேசையில் அன்று காலை நீங்கள் வரைந்த தாள் கிடந்தது. அதில் உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. பழைய வெடிப்புகளைத் தவிர ஒரு கீறலும் இல்லை. பக்கத்திலேயே போஞ்சிக் கொடி, நிறையப் பூவோடு. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். போஞ்சிப் பூ மழையில் கொட்டிப்போய்க் கொடி மொட்டையாக நின்றது. அது கொட்டி எவ்வளவோ நாளாகிவிட்டது, மாமா. உங்கள் தாளில் மட்டும் பூத்துக்கொண்டிருந்தது.

நான் உங்களிடம் கேட்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உங்கள் காலை இரண்டு கையாலும் பிடித்து என் மடியில் வைத்தேன். நீங்கள் இழுத்தீர்கள். நான் விடவில்லை. சின்ன விரலுக்குக் கீழே ஒரு ஓட்டை, சுற்றிலும் வீங்கிச் சிவந்து. சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன.

“வலிக்குதா?”

“எங்க?”

எங்கே என்று கேட்கிறீர்கள். என் விரல் அதன் மேலேதான் இருந்தது.

“காலையில கண்ணாடியில பாத்தீங்கதானே மாமா?”

நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: “கண்ணாடியில வெள்ளையா ஒரு பொகைதாம்மா தெரியுது. கொஞ்ச நாளாவே. எனக்குத்தான் என் காலு மனப்பாடமாச்சே, அதையே வரைஞ்சுட்டேன். கண்ணும் போச்சுன்னு சொன்னா, தோட்டத்துக்குப் போகாதன்னு சொல்லுவீங்க.”

சப்பாத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். மிலாறுத் துண்டு ஒன்று விழுந்தது. விரல் நகம் அளவுதான். நுனி கூராக இருந்தது. பரணில் காயும்போது உள்ளே விழுந்திருக்க வேண்டும். எத்தனை நாள் அதன் மேல் நடந்தீர்களோ.

அவர் தோட்டத்து லொறியைக் கேட்டுப் பிடித்து வந்தார். சுமதியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நானும் ஏறினேன். பண்டாரவளை தாண்டியதும் மண் சரிந்து பாதையில் கிடந்தது. ஆட்கள் மம்பட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள். லொறி நின்றது நின்றதுதான். நீங்கள் முன்சீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள், உடம்பு கொதித்தது. நான் வெளியே எட்டிப் பார்ப்பதும் உங்கள் நெற்றியைத் தொடுவதுமாக இருந்தேன். நீங்கள் மண் வழிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மம்பட்டி பிடிக்கத் தெரியல. இவனுங்க கோவா நட்டா வெளங்காது,” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். உங்கள் மகன் அதைக் கேட்டுவிட்டு உங்களிடம், “மருந்து கட்டுவாங்களாம்பா, கொஞ்ச நாள் இருக்கணுமாம்,” என்றார்.

“தம்பி, முழுசையும் சொல்லு. எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு யாரு சொன்னா?”

நீங்களே சொன்னீர்கள். இரண்டு விரலையும் இப்போதே எடுத்தால் கால் தப்பலாம். தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே. அதற்கும் தாமதித்தால் ஆளே இல்லை. அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். எண்ணெய் போட்டு ஆற்றுகிற நாட்டு வைத்தியர் ஒருவர் ஹல்துமுல்லைப் பக்கம் இருக்கிறாராம், அங்கே கொண்டுபோய்ப் பார்ப்போம், வெட்டினால் அப்பா மனசு விட்டுவிடுவார் என்றார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் எது சரி என்று தெரியவில்லை. தெரிந்ததுபோல எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் பதறிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது நீங்கள் கொப்பியைக் கேட்டீர்கள். அவசரத்தில் அதையும் பையில் போட்டுத்தான் கொண்டுவந்திருந்தேன்.

“எனக்குத் தெரியல. நீ பாத்து வரை. பெருசா வரை. பொய் வரையாத.”

கட்டிலின் கால்மாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து வரைந்தேன். எனக்குச் சித்திரம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். கறுப்புப் பென்சிலை எடுத்து இரண்டு விரலையும் நிரப்பும்போது கொஞ்சம் குறைத்துத் தீட்டலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. குறைக்கவில்லை. கறுப்பு நின்ற இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே சிவப்பு. அதற்கும் மேலே உங்கள் தோலின் நிறம், தேத்தண்ணிச் சாயம் போல.

தாளைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தீர்கள். வெகுநேரம். பிறகு அவரைக் கூப்பிட்டீர்கள்.

“தம்பி, கவ்வாத்துல பட்டுப்போன கிளைய என்ன செய்வோம்? பச்சை தெரியிற எடம் பாத்து வெட்டுவோம். பாவம் பாத்து விட்டா அது தூருக்கு எறங்கிரும். இந்தா, உம் பொஞ்சாதி கோடு போட்டுக் காட்டியிருக்கா. டாக்டர வரச் சொல்லு. மை கொண்டாரச் சொல்லு, கைநாட்டு வைக்கணும்.”

அவர் அசையாமல் நின்றார். “வெட்டத் தெரிஞ்சவன் நான். வெட்டுப்பட மாட்டேன்னு சொன்னா அந்தச் செடியெல்லாம் சிரிக்கும்டா,” என்றீர்கள்.

விரல்கள் போயின. கால் மிஞ்சுமா என்று டாக்டர்களாலும் உடனே சொல்ல முடியவில்லை. கட்டை அவிழ்க்கும் போதெல்லாம் நான் நின்று பார்த்து வரைவேன். நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். கறுப்பு மறுபடி வரவில்லை. சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலையில் புண்ணின் ஓரத்தில் ரோஸ் நிறம் தெரிந்தது. அந்த நிறத்துக்கு என்னிடம் பென்சில் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சோற்றில் கிடந்த பீட்ரூட்டைத் தொட்டுத் தேய்த்தேன். அன்றுதான் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்கள், பேச்சோடு பேச்சாக:

“அறுபது வருசமா இந்தக் காலப் பத்தி நான் நெனச்சதே இல்லம்மா. நல்லா இருக்கிற வரைக்கும் காலு இருக்கிறதே தெரியாது.”

வீட்டுக்கு வந்த பிறகு யாரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. மறுநாள் காலையில் நீங்கள் படியில் உட்கார்ந்து, நான் வந்ததும் முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை நீட்டினீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்கள் காலை நான் வரைந்தேன், தோட்டத்தை நீங்கள் வரைந்தீர்கள். உங்கள் கோடுகள் பெரிதாகிக்கொண்டே போயின. ஒரு தாள் முழுக்க ஒரே ஒரு கோவா. இலையைக் கையால் தடவிவிட்டு வந்து வரைவீர்கள். பூ கொட்டியிருந்தால் சுமதி சொல்லுவாள்: “தாத்தா, பூ இல்ல, அழிங்க.” அழிப்பீர்கள். சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுவது அவள் வேலை. தட்டிவிட்டு உள்ளே கை விட்டுத் துழாவி, “ஒண்ணும் இல்ல, போடுங்க,” என்று உத்தரவு கொடுப்பாள்.

நீங்கள் போனது காலால் அல்ல. போஞ்சிக்குக் கம்பு நட்டுவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டு, அதைக் கொண்டுவருவதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்தீர்கள். சாமான் சட்டி ஒதுக்கி, தலைமாட்டில் விளக்கேற்றி, பெரியவர்கள் வந்து செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வெள்ளைத் துணியைக் கிழித்து உங்கள் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுவதற்கு இரண்டு காலும் இருந்தன, மாமா.

அன்றையிலிருந்து கண்ணாடி பெட்டிக்குள் கிடந்தது. எனக்குப் பயம் விட்டுப்போகவில்லை; இப்போது வயிற்றுக்குள்ளும் ஒன்றைச் சுமந்துகொண்டு பயப்படுகிறேன். நாளை மறுநாள் பதுளைக்குப் போகிறோம். அதே பாதை. ரத்தம் என்ன சொல்லும் என்று தெரியாது. பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்கிறார் மிஸ்ஸி. போகாமல் இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

வெறுந்தாள் ஒன்றைத் திருப்பினேன். மேல் மூலையில் சதுரம் போட்டேன். வெறும் பச்சை தீட்டினால் மனதுக்கு நன்றாக இருக்கும். மஞ்சளும் சேர்த்துத்தான் தீட்டியிருக்கிறேன். பிறகு கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். வயிறு இடிக்கிறது, எனக்கும் குனிய முடியவில்லை. சுமதி கல்லை விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

“அம்மா, கண்ணாடிய இப்பிடித் திருப்புங்க. ஆ, இப்பத் தெரியுது.”

இடது குதிகாலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது, மாமா. சின்னதுதான். வரைந்துவிட்டேன்.